மைக்கம்மா வீட்டு வண்டு

தெருவில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. மைக்கம்மா என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள். ரயில் நிலையத்தில் இருபத்தேழு வருஷம் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எது எத்தனை மணி நேரம் தாமதம் என்று ஊருக்கே சொன்னது அவள் குரல்தான். காய்கறிக் கடையில் அவள் வாயைத் திறந்து அரைக் கிலோ வெங்காயம் கேட்க, பக்கத்தில் நின்றவர் சட்டென்று பையைத் தூக்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்த கதையெல்லாம் உண்டு.

அந்த வேலையில் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது, குரலில் கோபம் வரக் கூடாது என்பதுதான். வண்டி ஆறு மணி நேரம் தாமதமானாலும் கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி சொல்ல வேண்டும். ஒரு தடவை ஒருவர் கண்ணாடிக் கூண்டைத் தட்டி, "ஏம்மா, ஆறு மணி நேரம் லேட்டுங்கறதை இப்படித் தேன் ஒழுகச் சொல்றியே, உனக்கே வெக்கமா இல்ல?" என்று கத்தினார். மைக்கம்மாவுக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. வண்டியை அவளா நிறுத்தி வைத்தாள்? ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த அறிவிப்பையும் அதே குரலில் படித்தாள். இருபத்தேழு வருஷம் இப்படிப் பழகினால் அது கூண்டோடு நிற்குமா? வீட்டுக்கும் வந்தது. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுகிறவளாக அவள் ஆகிவிட்டாள்.

அவள் புருஷன் ஆலையில் மின்பிரிவு சூப்பர்வைசர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். கறாரான ஆள். கையுறை போடாமல் ஒருவன் ஸ்விட்ச் போர்டைத் திறந்தால் அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவர்கள் சொந்த வீடு கட்டியபோது வயரிங் முழுக்க அவரே செய்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு பிளக் போர்டையும் பொருத்தினார். வந்தவர்களுக்கெல்லாம் சுவரைக் காட்டி, "வெளியாள் கை படாத வயரிங்" என்பார். அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. தான் சொன்னது தப்பாகிவிட்டால், "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். எதிரில் நிற்கிறவருக்கே, ஒருவேளை நாம்தான் தப்பாகக் கேட்டோமோ என்று சந்தேகம் வந்துவிடும்.

புது வீட்டுக்கு வந்த முதல் மாதமே மைக்கம்மாவுக்கு ஃப்ரிட்ஜ் கதவில் கை வைத்தால் எறும்பு கடித்த மாதிரி இருந்தது. துணி துவைக்கிற மெஷினிலும் அப்படித்தான். சூப்பர்வைசரிடம் சொன்னாள். அவர் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து ஃப்ரிட்ஜைத் தட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. உன் கை ஈரம்."

"கையைத் துடைச்சுட்டுத்தான் தொட்டேங்க."

"அப்போ உன் உடம்புவாகு. சில பேருக்கு அப்படி இருக்கும்."

உடம்புவாகு என்று சொல்லிவிட்டபின் என்ன பேச? அவள் ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் ஒரு துணியைச் சுற்றி வைத்தாள். அடியில் ஒரு ரப்பர் விரிப்பும் போட்டாள். அப்போது மகளுக்கு எட்டு வயது. "அம்மா, ஃப்ரிட்ஜ் கடிக்குது" என்று வந்து நிற்பாள். ஒரு நாள் பால் பாத்திரத்தை எடுக்கும்போது கை உதறி, பாத்திரம் கீழே விழுந்து, சமையலறை முழுக்கப் பால். மைக்கம்மா வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தாள். முதுகில் ஒன்று வைத்தாள். "ஈரக் காலோட நிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?" அவர் சொன்னதைத்தான் அவளும் சொன்னாள். மகள் அப்புறம் ஃப்ரிட்ஜைப் பற்றிப் பேசவே இல்லை. இப்போது கல்யாணமாகி வெகுதூரத்தில் இருக்கிறாள்.

ஓய்வு பெற்ற பிறகு மைக்கம்மா சும்மா இருக்கவில்லை. பார்வையில்லாத மாணவர்களுக்குப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து தரும் ஒலிநூலகம் ஒன்று ஊரில் இருந்தது. வாரத்துக்கு இரண்டு பாடம் செல்போனில் வாசித்து அனுப்பினாள். அங்கே பதிவுகளைக் கேட்டுச் சரிபார்க்கிற பெண்ணுக்கும் பார்வை கிடையாது. முப்பது வயதிருக்கும். தாள் புரட்டுகிற சத்தம், எச்சில் விழுங்குகிற சத்தம், தூரத்துக் குக்கர் விசில் எதுவும் அவள் காதைத் தப்பாது. மைக்கம்மா அவளுக்கு 'செக்கர்' என்று பெயர் வைத்திருந்தாள். டிக்கெட் இல்லாமல் ஒரு சத்தம்கூட உள்ளே போக முடியாது.

இந்த வருஷம் நூலகம் நன்றாக வாசிக்கிற இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கு ஒரு கருவி கொடுத்தது. அதில் ஒன்று மைக்கம்மாவுக்கு. சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு இரும்புப் பெட்டி, கூடவே ஒரு நல்ல மைக், ஒரு ஹெட்போன். மைக்கில் பேசுகிற குரலை எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குள் அனுப்புவதும், கம்ப்யூட்டரில் இருக்கிற எண்களைத் திரும்பக் குரலாக்கி ஹெட்போனில் கேட்க வைப்பதும் அந்தப் பெட்டியின் வேலை.

மகளின் பழைய அறையை அவள் இதற்காக ஒழித்தாள். எதிரொலி வராமல் இருக்க மெத்தையைச் சுவரில் சாய்த்தாள். துணி அலமாரியைத் திறந்தே வைத்தாள். மகளின் பழைய லேப்டாப்பை மேசையில் வைத்து, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, பெட்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்துப் படங்களைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக மாட்டினாள். மைக் கேபிளின் மூன்று முள்ளையும் சரியாகப் பொருத்தி அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொண்டது. பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு கேபிள். பேசிப் பார்த்தாள். ஹெட்போனில் ஒன்றுமில்லை. புத்தகத்தைத் திரும்பப் படித்தாள். இந்த வகை மைக்குக்குப் பெட்டியே மின்சாரம் கொடுக்க வேண்டுமாம், அதற்கு 48 என்று எழுதிய பொத்தானை அமுக்க வேண்டுமாம். அமுக்கினாள். "ஒன்று, இரண்டு" என்று அவள் குரல் அவள் காதிலேயே வந்தபோது அவளுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு சூப்பர்வைசரின் காதில் விழுந்துவிட்டது.

"நகரு. உனக்கு இதெல்லாம் தெரியாது," என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லாம் மாட்டிட்டேங்க. கேக்குது."

"கேட்டா போதுமா? சிக்னல் ஃபுல்லா வர வேண்டாமா?"

புத்தகத்தைத் தொடக்கூட இல்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழைக் கடைசிவரை திருகினார். அவள் வாயைத் திறந்ததும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. குரல் கிழிந்த காகிதம் மாதிரி வந்தது.

"உன் குரல் ரொம்ப தடிமன். மெதுவாப் பேசு," என்றார்.

"சிவப்பு எரிஞ்சா குமிழைக் குறைக்கணும்னு போட்டிருக்கு."

"புத்தகத்துல ஆயிரம் போடுவான். நாப்பது வருஷ அனுபவம் எனக்கா, அந்தப் புத்தகத்துக்கா?"

அவள் மிக மெதுவாக, "சரிங்க," என்றாள். அவர் எழுந்து போனதும் குமிழைப் பாதிக்குக் கொண்டுவந்தாள். லேப்டாப் தன்னுடைய சொந்த மைக்கையே கேட்டுக்கொண்டிருந்தது. அதை மாற்றிப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தாள். பேசும்போது பச்சை விளக்கு மட்டும் மினுங்குகிற அளவுக்கு வைத்துக்கொண்டு, மண்புழுவைப் பற்றிய உயிரியல் பாடத்தை முழுதாக வாசித்து அனுப்பினாள்.

மறுநாள் காலையில் செக்கர் போன் செய்தாள்.

"மேடம், மண்புழு பாடத்துல எதுக்கு வண்டு வந்துச்சு?"

"வண்டா?"

"அடியில ஒண்ணு ம்ம்ம்னு ரீங்காரம் போடுது. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும். போன்ல பண்ணப்போ இது இல்ல. ஹெட்போன்ல, நீங்க பேசாத இடத்தைக் கேட்டுப் பாருங்க."

கேட்டாள். இருந்தது. இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் அவள் மூச்செடுக்கிற இடத்தில் எல்லாம் தடித்த ஒரு வண்டு உட்கார்ந்திருந்தது. சூப்பர்வைசரிடம் சொன்னது தப்பாகப் போயிற்று.

"மட்டமான பெட்டி. திருப்பிக் கொடு," என்றார்.

"நூலகத்துல சோதிச்சுட்டுத்தான் கொடுத்தாங்க."

"அப்போ நீ ஏதோ தப்பா மாட்டியிருக்கே. இல்லேன்னா உன் தொண்டையே அப்படித்தான். வயசாச்சு இல்ல?"

அவள் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினாள். கேபிளை மாற்றினாள். மைக்கைத் தள்ளி வைத்தாள். மேசையையே இடம் மாற்றினாள். வியர்வையில் ஊறி, ஜன்னல் சாத்திய அறையில் பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்கிற அளவுக்கு ஆத்திரம் வந்தது. வண்டு அசையவில்லை. நூலகத்தில் பாடத்துக்காகப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். செக்கருக்கே மறுபடி போன் போட்டாள்.

"மேடம், நான் சொல்றதை மட்டும் செய்யுங்க. ஹெட்போனைக் காதுல மாட்டிக்கோங்க. இப்போ அந்தப் பெட்டியோட இரும்பை ஒரு கையால தொடுங்க."

தொட்டாள். வண்டு பாதியாக அடங்கியது. கையை எடுத்தாள். திரும்ப வந்தது.

"அடங்குதும்மா!"

"சரி. இப்போ லேப்டாப் சார்ஜரைப் பிளக்குல இருந்து உருவிட்டுக் கேளுங்க."

உருவினாள். சட்டென்று காதுக்குள் அப்படி ஒரு அமைதி. தன் மூச்சு மூக்கு நுனியைத் தொடுவதுகூடக் கேட்டது. ஆனால் அந்தப் பழைய லேப்டாப் சார்ஜர் இல்லாமல் பத்து நிமிஷம்கூட ஓடாது.

செக்கர் அதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள். "மேடம், உங்க வீட்டுல ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ஏதாவது தொட்டா சுருக்குன்னு இருக்குமா?"

மைக்கம்மா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இருக்கும்," என்றாள். "ஏன் கேக்கறே?"

"அப்போ பிளக்குல எர்த் இல்ல. மூணாவது ஓட்டை சும்மா பேருக்கு இருக்கு. எங்க ஹாஸ்டல்ல இதே மாதிரி வண்டு வந்துதான் நாங்க கண்டுபிடிச்சோம். பெட்டி மேல தப்பு இல்ல. உங்க மேலயும் தப்பு இல்ல. நீங்க ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்க. விளையாட்டா விடாதீங்க மேடம், இது ஆளையே அடிக்கிற விஷயம்."

உங்க மேல தப்பு இல்ல என்று அந்தப் பெண் போகிற போக்கில்தான் சொன்னாள். மைக்கம்மா போனை வைத்துவிட்டு அந்த நான்கு வார்த்தையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த தெருவில் ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தார். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் குத்தியிருப்பதால் அவர் பெயரே டெஸ்டர். ஒரு காலத்தில் ஆலையில் சூப்பர்வைசரின் கீழே வேலை பார்த்தவர். சூப்பர்வைசர் ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் அவரை வரச் சொன்னாள். வாசலிலேயே தயங்கி நின்றார்.

"சார் இல்லாம நான் எப்படிம்மா போர்டைத் தொடறது? தெரிஞ்சா என் தோலை உரிச்சுடுவாரு."

"வீடு எனக்கும்தான். உள்ள வாங்க."

அவர் ஒரு பல்பு ஹோல்டரையும் இரண்டு வயரையும் எடுத்தார். பிளக்கின் இரண்டு ஓட்டையில் செருகினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஒரு வயரை எடுத்து மேலே இருக்கிற பெரிய ஓட்டையில் செருகினார். பல்பு எரியவில்லை. சமையலறை, குளியலறை, கூடம் என்று ஒவ்வொரு பிளக்காகப் போனார். எங்கேயும் எரியவில்லை. கடைசியில் மெயினை அணைத்துவிட்டுப் பெரிய போர்டின் மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க?"

"பாருங்கம்மா."

எல்லா அறைகளிலிருந்தும் வந்த பச்சை வயர்கள் ஓர் ஓரத்தில் ஒன்றாகச் சேர்த்து முறுக்கப்பட்டிருந்தன. நுனியில் கறுப்பு டேப், இடைவெளி இல்லாமல் அடுக்கடுக்காக, அழகாகச் சுற்றப்பட்டிருந்தது. அந்தச் சுற்று யாருடைய கை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் உடைந்த குடைக்கம்பிக்கும் அவர் அப்படித்தான் டேப் சுற்றுவார்.

"பிடி விட்டுக் கழண்டு வந்திருந்தா வேற விஷயம்," என்றார் டெஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு. "இது கட்டி வெச்சது. இந்தப் பச்சை வயரெல்லாம் தரைக்குள்ள இறக்கின குழாயோட சேரணும். அப்படி ஒரு குழாயே உங்க வீட்டுல இல்ல. எந்தச் சாமான்ல மின்சாரம் கசிஞ்சாலும் போறதுக்கு வழி இல்லாம, தொடறவங்க மேலதான் வரும்." மூடியை மாட்டிக்கொண்டே, "ஒரு மோட்டாருக்கு எர்த் குடுக்க மறந்தேன்னு என்னை மூணு நாள் வேலையை விட்டு நிறுத்தினவரும்மா அவரு," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை.

அவர் மெயினைத் திரும்பப் போட்டுவிட்டுப் போனதும் அவள் மகளின் அறைக்குள் வந்து மைக் முன்னால் உட்கார்ந்தாள். ஏதாவது செய்யாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது. பதிவைத் தட்டிவிட்டு அடுத்த பாடத்தைத் தொடங்கினாள். முதல் பத்தி தாண்டவில்லை, சூப்பர்வைசர் கதவைத் திறந்தார்.

"டெஸ்டர் வந்துட்டுப் போனானாமே? யாரைக் கேட்டு என் போர்டைத் திறந்தான்?"

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"பச்சை வயரை ஏன் கட்டி வெச்சிருக்கீங்க?"

"எந்தப் பச்சை வயர்?"

"நீங்க டேப் சுத்தினது."

அவர் முகம் ஒரு நொடி வெளிறியது. அப்புறம் குரல் உயர்ந்தது. "அது வீடு கட்டினப்போ... பின்கட்டுல குழி தோண்டணும்னு இருந்தேன். நான் ஷிஃப்டுல இருந்த அன்னிக்கு மேஸ்திரி சிமென்ட் போட்டு மூடிட்டான். பால் காய்ச்ச நாள் குறிச்சாச்சு. புதுத் தரையை உடைச்சா பாக்கறவன் என்ன சொல்லுவான்? சூப்பர்வைசர் வீட்டுலயே கோட்டை விட்டுட்டான்னு சிரிக்க மாட்டான்? அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன்."

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்தான், அதுக்கு என்ன இப்போ? பத்தொன்பது வருஷமா யாராவது செத்தாங்களா?"

அவளுக்குள் ஏதோ அறுந்தது.

"செத்திருந்தாத்தான் கணக்கா?" என்று கேட்டாள். குரல் அறையின் மெத்தையையும் துணிகளையும் தாண்டிக் கூடத்துக்குப் போனது. "கை ஈரம்னீங்க. உடம்புவாகுன்னீங்க. தெரிஞ்சுக்கிட்டே சொன்னீங்க! ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டு வந்து தட்டிப் பாத்தீங்களே, அந்தச் செருப்பு எதுக்குன்னு எனக்கு இன்னிக்குத்தானே புரியுது! உங்க காலுக்கு மட்டும் செருப்பு. எட்டு வயசுக் குழந்தை வெறுங்காலோட நின்னுதே!"

"சத்தம் போடாதே. தெருவே கேக்குது."

"கேக்கட்டும்! இருபத்தேழு வருஷம் ஊருக்கே கேக்கத்தான் பேசினேன். இந்த வீட்டுல மட்டும்தான் மூச்சு விடாம இருந்தேன். அந்தக் குழந்தையை நான் அடிச்சேங்க. உங்க பொய்யை நம்பி என் குழந்தையை நான் அடிச்சேன். நீங்க கூடத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? அடிக்காதே, தப்பு என்னுதுன்னு ஒரு வார்த்தை!"

அவர் வெளியே போனார். வாசல் கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. லேப்டாப்பை மூடப் போனபோதுதான் கவனித்தாள். திரையில் சிவப்புப் புள்ளி இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. பதிவு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

மறுநாள் காலை டீயோடு உட்கார்ந்தபோது சூப்பர்வைசர் பழைய சூப்பர்வைசராக ஆகியிருந்தார்.

"நேத்து ஓவரா கத்திட்டே. பிளட் பிரஷர் பாத்துக்கோ. அந்த எர்த் விஷயம் எனக்கே தெரியாது. மேஸ்திரி பண்ண வேலை."

"தெரியும்னு சொன்னீங்களே."

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்? நீயா எதையாவது நினைச்சுக்கிட்டா நான் என்ன பண்றது?"

அவள் எழுந்தாள். "ஒரு நிமிஷம் வாங்க," என்றாள். அறையில் அவரை உட்கார வைத்து, ஹெட்போனைக் கையில் கொடுத்தாள். அவர் புரியாமல் மாட்டிக்கொண்டார். அவள் பதிவைத் தேடி அந்த இடத்துக்குக் கொண்டுபோய்த் தட்டிவிட்டாள்.

அறையில் சத்தமே இல்லை. அவர் காதுக்குள் மட்டும் எல்லாம் நடந்தது. அவள் நின்றபடி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் அவர் கண் மேசையில் நிலைகுத்தியது. உதடு லேசாக அசைந்தது, தான் சொன்னதைத் தானே கூடச் சொல்வது போல. அவர் ஹெட்போனைக் கழற்றப் போனார்.

"இன்னும் இருக்கு. கடைசி வரைக்கும் கேளுங்க," என்றாள்.

கேட்டார். கழற்றி வைத்துவிட்டு, "அழிச்சுடு," என்றார்.

"மாட்டேன்."

அன்று மத்தியானம் மகளுக்குப் போன் செய்தாள். வண்டு, பச்சை வயர், டேப் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இருக்கியா?"

"இருக்கேம்மா," என்றாள் மகள். "நான் இங்க இன்னும் ஃப்ரிட்ஜைத் துணி வெச்சுத்தான் திறக்கறேன். இவரு கேலி பண்ணுவாரு. எனக்குத்தான் உடம்புல ஏதோ கோளாறுன்னு நினைச்சிருந்தேன்."

"நான் உன்னை அன்னிக்கு..."

"பால் கொட்டின அன்னிக்கா? எனக்கு ஞாபகம் இருக்கும்மா."

ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மைக்கம்மாவும் அப்படிச் சொல்லும்படி கேட்கவில்லை. "மன்னிச்சுக்கோ," என்றாள். மகள், "அப்பாகிட்ட நான் இப்போ பேச மாட்டேன். போனைக் கொடுக்காதே," என்றாள்.

அந்த வாரமே பின்கட்டுச் சிமென்ட்டை உடைத்தார்கள். டெஸ்டர் ஓர் ஆளோடு வந்தார். ஆள் சம்மட்டியால் அடிக்கிற ஒவ்வோர் அடிக்கும் கூடத்து ஜன்னல் அதிர்ந்தது. சூப்பர்வைசர் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரமாக ஒரே பக்கம். குழி இறங்கியதும், கரியும் உப்பும் போட்டுக் குழாயைப் புதைத்து, கம்பியைப் போர்டு வரை கொண்டுவந்து, டேப்பை வெட்டி எறிந்து, டெஸ்டர் பச்சை வயர்களைச் சேர்த்தார். பல்பைப் பெரிய ஓட்டையில் வைத்தார். எரிந்தது. எல்லா அறையிலும் எரிந்தது.

மைக்கம்மா கூடத்துக்கு வந்தாள்.

"ரிட்டயர் ஆனப்புறம் சொந்தக்காரங்க, சிநேகிதங்கன்னு அஞ்சு வீட்டுக்கு வயரிங் பண்ணிக் கொடுத்தீங்க. அதுல எல்லாம் எர்த் இருக்கா?"

"எல்லாத்துலயும் இருக்கு."

"என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பேப்பரை மடித்தார். ரொம்ப நேரம் மடித்தார்.

"தங்கச்சி வீட்டு மாடி... புதுசா எடுத்த சமையல்கட்டு. கீழ் வரைக்கும் கம்பி இறக்கணும்னா சுவரைக் கொத்தணும். அவ வெள்ளையடிச்சு முடிச்சிருந்தா."

"எழுந்திருங்க," என்றாள்.

நாத்தனார் வீடு நான்கு தெரு தள்ளி. அவர் ஸ்கூட்டரில் போனார், அவள் டெஸ்டரோடு நடந்தே போனாள். நாத்தனார் மூன்று பேரையும் பார்த்து, என்ன விசேஷம் என்று சிரித்தாள். மாடியில் அவள் மருமகள் ஈரக்கையோடு மிக்ஸியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். மைக்கம்மா முதல் வேலையாக அதன் பிளக்கை உருவிப் போட்டாள். டெஸ்டர் பல்பை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். எர்த் இல்லாத விஷயத்தை அவர் விளக்கி முடிப்பதற்குள் நாத்தனார் மைக்கம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"ஏன் அண்ணி, நீங்களாவது முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

மைக்கம்மாவுக்குக் காது மடல் வரை சுட்டது. "வயரிங் பண்ணினது நானா? எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். இதோ நிக்கறாரே உங்க அண்ணன், அவரைக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு நகர்ந்து நின்றாள்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் டெஸ்டரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். போகிற வழி எதுவும் இல்லை.

"என் தப்புதான்," என்றார். "தெரிஞ்சேதான் விட்டேன்."

முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை மைக்கம்மா கேட்டதில்லை. கேட்டதும் மனசு இளகும் என்று நினைத்திருந்தாள். இளகவில்லை. அதற்குள் நாத்தனார் பாய்ந்து, "விடுண்ணே, இதுக்குப் போய் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு! யாருக்கும் ஒண்ணும் ஆகலை இல்ல? உக்காரு, டீ போடறேன்," என்று அவர் தோளைத் தட்டினாள். அவள் மருமகள் மட்டும் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். மைக்கம்மா அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய், "கம்பி இறக்கற வரைக்கும் மாடியில சமைக்காதேம்மா. யார் என்ன சொன்னாலும் சமைக்காதே," என்றாள். டீக்கு நிற்காமல் வந்துவிட்டாள்.

மறுநாள் காலை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மண்புழு பாடத்தை முதலிலிருந்து வாசித்தாள். சூப்பர்வைசர் கூடத்தில் டிவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அவர்கள் இருவரும் சோறு, மாத்திரை, கேஸ் என்று தேவையானதை மட்டும் பேசிக்கொண்டார்கள். வாசிப்பை முடித்து ஹெட்போனில் கேட்டாள். அடியில் எதுவும் இல்லை, சுத்தம்.

சாயந்திரம் செக்கர் கூப்பிட்டாள். "வண்டு போயே போச்சு மேடம். ஆனா குரல் கொஞ்சம் கரகரன்னு இருக்கே, சளியா?"

"சளி இல்லம்மா. ஒரு வாரமா கத்திக்கிட்டு இருக்கேன்."

அந்தப் பெண் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் சற்றுத் தயங்கினாள். "தொண்டை சரியானதும் வேணா திரும்ப வாசிக்கறீங்களா?"

"எப்போ சரியாகும்னு தெரியாது. பசங்களுக்குப் பரீட்சை வருது இல்ல, இதையே அனுப்பிடு," என்றாள் மைக்கம்மா. "அடுத்தது தவளை. நாளைக்குத் தரேன்."